ஆடுகளத்தின் அகலத்தைக் குறைத்தால் சொந்த மைதான அணிக்கு உண்மையில் என்ன பயன்?

பக்கக்கோடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றைச் சில அடி உள்ளே இழுத்துவிட்டாலும் வர்ணனையாளர்கள் அதைப் பேசாமல் விடுவதில்லை. கால்பந்தில் ஆடுகளத்தின் நீள அகலம் மைதானத்துக்கு மைதானம் மாறுகிறது என்றாலும், அதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. ஆட்ட விதிகளில் முதல் விதி, நீளத்துக்கு 90 முதல் 120 மீட்டர் வரையும் அகலத்துக்கு 45 முதல் 90 மீட்டர் வரையும் தாராளமாக இடம் கொடுக்கிறது. சர்வதேச ஆட்டங்களுக்கு மட்டும் அது 100 முதல் 110 வரை, 64 முதல் 75 வரை எனச் சுருங்குகிறது. பிரீமியர் லீக் 105க்கு 68 என்பதையே பொது அளவாக வைத்திருந்தாலும், பழைய மைதானங்களில் அதற்கு இடமில்லாதபோது விலக்கு அளிக்கிறது.

டோனி பியூலிஸ் பயிற்சியாளராக இருந்த காலத்து ஸ்டோக் சிட்டி என்ற இங்கிலாந்து அணியின் ஆட்டங்களை அண்மையில் மறுபடியும் பார்த்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. அவர்கள் களத்தைப் போல 68க்குப் பதில் 64 என அகலத்தில் நான்கு மீட்டர் குறைவது ஆட்ட உத்தியை மாற்றும் அளவுக்குப் பெரிய விஷயமா? மாற்றும் என்றால், சொந்த மைதானச் சாதகம் என்று நாம் சொல்வதில் அதற்கு எவ்வளவு பங்கு? கணக்கோடும் ஆட்டங்களின் சான்றோடும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நடுக்களம் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 105க்கு 68 என்றால் பரப்பு 7,140 சதுர மீட்டர். ஸ்டோக் வைத்திருந்த 100க்கு 64 என்றால் 6,400. குறைவது 740 சதுர மீட்டர், அதாவது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். கோல்கீப்பர்களைத் தவிர்த்த இருபது பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 357 சதுர மீட்டர் கிடைத்த இடத்தில் 320 தான் கிடைக்கும்.

ஆனால் இந்தச் சராசரியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆடுகளம் சுருங்கும்போது கோல் கம்பங்களுக்கு இடையிலான 7.32 மீட்டர் சுருங்குவதில்லை, 40.32 மீட்டர் அகலமும் 16.5 மீட்டர் ஆழமும் கொண்ட பெனால்டி பகுதியும் சுருங்குவதில்லை. ஆகவே குறைகிற இடம் முழுவதும் பெனால்டி பகுதிகளுக்கு வெளியே, அதாவது பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் இடத்தில்தான் குறைகிறது. பெனால்டி பகுதியின் விளிம்புக்கும் பக்கக்கோட்டுக்கும் இடையில் 13.84 மீட்டர் இருந்தது 11.84 ஆகிறது, விங்கர் தன் எதிராளியைத் தனியே சந்திக்கும் அந்தப் பட்டையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. இரண்டு பெனால்டி பகுதிகளுக்கும் இடையிலான தூரமும் 72 மீட்டரிலிருந்து 67 ஆகிறது.

தற்காக்கும் அணியின் கண்ணோட்டத்தில் இதைப் பாருங்கள். நால்வர் கொண்ட பின்வரிசை, பெனால்டி பகுதியின் அகலத்துக்குள் தன்னை நெருக்கமாக வைத்துக்கொண்டு ஏதோவொரு பக்கத்தைத் திறந்தே விட்டுவிடும். அவ்வாறு திறந்து கிடக்கும் அகலம் 68 மீட்டர் களத்தில் 28 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 64 மீட்டர் களத்தில் 24க்குச் சற்றுக் குறைவு. எதிரணி பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும்போது பந்து ஓடுவது வீரர் ஓடுவதைவிட வேகம். எனவே கடக்க வேண்டிய தூரம் அதிகரிக்க அதிகரிக்க, தற்காக்கும் வீரர் பந்துக்குப் பின்தங்கும் நேரமும் அதிகரிக்கிறது. தூரத்தைக் குறைத்தால் அந்தத் தாமதமும் குறைகிறது. பொறுமையாகப் பாஸ் செய்து இடைவெளியைத் தேடும் அணிக்குக் குறுகிய களம் எரிச்சலூட்டுவதற்கு இதுவே காரணம்.

நீளத்தைக் குறைப்பதன் விளைவு வேறு வகையானது. நடுக்கோட்டருகே பின்வரிசையை நிறுத்தும் அணிக்குப் பின்னால் 52.5 மீட்டர் வெற்றிடம் இருப்பதற்குப் பதிலாக 50 மீட்டர்தான் இருக்கும். கோல்கீப்பரின் நீண்ட உதையும் எதிரணியின் பெனால்டி பகுதிக்கு 5 மீட்டர் நெருங்கி விழும். உயரே நின்று நெருக்கி ஆடுவோருக்கு இது ஓரளவு ஆபத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. ஆயினும் அகலத்தில் ஏற்படும் மாற்றமே ஆட்டத்தின் குணத்தை அதிகம் மாற்றுகிறது என்பது என் கருத்து.

கோல்கோடு எழுதியது:

நடுக்களம் அவர்களின் கணக்கை ஸ்டோக் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதைச் சேர்க்கிறேன். குறுகிய களம் ஆட்டத்தைக் கட்டியெழுப்புவதைக் கடினமாக்குகிறது. ஆனால் பந்தைப் பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் கொண்டுசேர்ப்பதை எளிதாக்குகிறது. பக்கக்கோட்டிலிருந்து அருகிலுள்ள கோல் கம்பத்துக்கு அகலவாக்கில் உள்ள தூரம் 30.34 மீட்டரிலிருந்து 28.34 ஆகிறது. பந்து வெளியேறியபின் சாதாரண வீரர் பக்கக்கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோவுக்கு இது எந்த வேறுபாட்டையும் தராது. பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிந்து பழகிய ஸ்டோக் வீரர் ரோரி டெலப் போன்ற ஒருவருக்கு, பந்து கோல் முகப்புக்குத் தாழ்வாகவும் வேகமாகவும் வந்து சேருமா, அல்லது உயர்ந்து மெதுவாக இறங்குமா என்பதையே இந்த இரண்டு மீட்டர் தீர்மானிக்கிறது. அதோடு, த்ரோவிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். உயரமான வீரர்கள் கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே நின்றுகொள்ளலாம். எதிரணிப் பாதியின் கடைசிப் பகுதியில் பந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஸ்டோக்குக்கு ஒரு கார்னர் கிடைத்ததற்குச் சமம் அது. 2008 நவம்பரில் ஆர்சனலை 2–1 என வென்ற ஆட்டத்தில் ஸ்டோக்கின் இரண்டு கோல்களும் டெலப்பின் த்ரோக்களிலிருந்தே பிறந்தன.

அந்த 2008–09 பருவத்தில் ஸ்டோக் சொந்த மைதானத்தில் 10 வெற்றி, 5 டிரா, 4 தோல்வி. வெளியூரில் 2 வெற்றி, 4 டிரா, 13 தோல்வி. மொத்தம் 45 புள்ளிகளில் 35 சொந்த மைதானத்தில் வந்தவை. அந்த ஆண்டு 35 புள்ளிகளோடு ஹல் சிட்டி லீக்கில் நிலைத்தது, 34 புள்ளிகளோடு நியூகாசில் கீழிறங்கியது என்பதைப் பார்த்தால், ஸ்டோக் ஒரு பருவத்தின் பிழைப்பு முழுவதையும் தன் வீட்டிலேயே சம்பாதித்துவிட்டது என்று சொல்லலாம்.

இருந்தாலும் இதைக் களத்தின் அளவுக்கு மட்டும் எழுதிவைப்பது நியாயமில்லை. டெலப் வெளியூரிலும் எறிந்தார். ஸ்டோக்கின் மைதானமான பிரிட்டானியா ஸ்டேடியத்தின் கூட்டம் அப்போது இங்கிலாந்திலேயே மிகப் பெரிய ஆரவாரத்துக்குப் பெயர்பெற்றது. மேலும், அதே பருவத்தில் ராய் ஹாட்சனின் ஃபுல்ஹாம், தேம்ஸ் நதிக்கும் ஒரு தெருவுக்கும் நடுவே நெருங்கியிருக்கும் கிரேவன் காட்டேஜில், ஏறத்தாழ அதே அளவுள்ள களத்தில், முற்றிலும் வேறு விதமான கால்பந்து ஆடி 7ஆம் இடத்தைப் பிடித்தது. அவர்கள் நீண்ட த்ரோக்களை நம்பவில்லை. ஒழுங்கான இரண்டு நால்வர் வரிசைகளை நம்பினார்கள். ஒரே அளவுக் களம் இரண்டு வேறு அணிகளுக்கு இரண்டு வேறு வழிகளில் கைகொடுத்திருக்கிறது.

பழையஆட்டம் எழுதியது:

இதைப் பேசும்போது 1987 செப்டம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் அணியின் மைதானமான ஐப்ராக்ஸில் நடந்ததை விட்டுவிட முடியாது. ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்று. வலேரி லோபனோவ்ஸ்கி பயிற்றுவித்த டைனமோ கீவ் முதல் ஆட்டத்தை 1–0 என வென்றிருந்தது. முந்தைய ஆண்டு கோப்பை வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 1986இன் பாலோன் தோர் விருதைப் பெற்ற இகோர் பெலானோவ் அதில் இருந்தார். முன்தினம் அவர்கள் ஐப்ராக்ஸில் பயிற்சி செய்தபோது களம் வழக்கமான அகலத்தில் இருந்தது. மறுநாள் மாலை ஆட்டத்துக்கு வந்தபோது, ரேஞ்சர்ஸ் பயிற்சியாளர் கிரேம் சூனஸின் விருப்பப்படி, பக்கக்கோடுகள் விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச அகலத்துக்கு உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. விதிக்கு உட்பட்ட செயல் என்பதால் தடுக்க வழியில்லை. ரேஞ்சர்ஸ் 2–0 என வென்று, மொத்தத்தில் 2–1 என அடுத்த சுற்றுக்குப் போனது.

பல பத்தாண்டுகளாக இந்த ஆட்டம் களத்தைக் குறுக்கியதால் கிடைத்த வெற்றி என்றே சொல்லப்படுகிறது. ஆனால் முதல் கோல் எப்படி வந்தது? கீவின் கோல்கீப்பர் விக்தர் சானோவ் கையால் எறிந்த பந்து அவருடைய அணி வீரர் மீதே பட்டுத் திரும்பியது. அலி மெக்காய்ஸ்ட் அதை எடுத்துக் கொடுக்க மார்க் ஃபால்கோ கோலடித்தார். அதற்கும் பக்கக்கோட்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. குறுகிய களம் செய்தது வேறொன்று என்று நினைக்கிறேன். அகலத்தை விரித்து ஆட்டத்தை நடத்தும் கீவ் அணி, பயிற்சியில் பழகிய தூரங்களை நம்பி ஆடும்போது ஒவ்வொரு பாஸும் சற்று நீண்டுபோகும், ஒவ்வொரு திருப்பத்திலும் எதிராளி சற்று முன்னதாகவே வந்துவிடுவார். களம் குறுகியது என்பதைவிட, குறுகியது என்று ஒரு நாள் முன்புகூடத் தெரியாமல் போனதே பெரிய இடர்.

பிரீமியர் லீக் இன்று பருவத்தின் நடுவே களத்தின் அளவை அனுமதியின்றி மாற்ற இடம் தருவதில்லை. சரியான விதிதான். தன் மைதானத்தின் இயல்பான அளவை ஓர் அணி நன்கு அறிந்து பயன்படுத்திக்கொள்வது வேறு, விருந்தாளி உறங்கும்போது கோடுகளை நகர்த்துவது வேறு.

பக்கக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. பழக்கமே முக்கியம் என்றால், ஓர் அணி சிறிய களத்திலிருந்து பெரிய களத்துக்குத் தானே இடம் மாறும்போது அதன் சாதகம் குறைய வேண்டும் அல்லவா? லண்டனின் டாட்டன்ஹாம் அணி வெம்ப்ளி மைதானத்துக்குச் சென்ற ஆண்டு இதற்கு நல்ல சான்றாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

நடுக்களம் எழுதியது:

நல்ல சான்று, ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு நேரானதல்ல. டாட்டன்ஹாமின் பழைய மைதானமான ஒயிட் ஹார்ட் லேன் 100க்கு 67 என்ற அளவில் இருந்தது. பயிற்சியாளர் மொரீசியோ பொச்செட்டினோ பொறுப்பேற்ற 2014இன் பிற்பகுதியில், தன் அணியின் ஆட்டமுறைக்கு இந்தக் களம் நெருக்கமாக இருக்கிறது, பின்னால் ஒதுங்கித் தற்காக்கும் எதிரணிக்கே அது உதவுகிறது என்ற பொருளில் பேசினார். அதே களத்தின் கடைசிப் பருவமான 2016–17இல் அவருடைய அணி 17 வெற்றி, 2 டிரா என ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இடையில் களம் மாறவில்லை, அணி மாறியது. உயரே நின்று பந்தைப் பறிக்கும் ஆற்றல் வந்தபின், முன்பு இடையூறாக இருந்த அதே நெருக்கம் அவர்களுக்கே ஆயுதமாயிற்று.

2017–18இல் வெம்ப்ளியின் பெரிய களத்தில் 13 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. புள்ளிகளில் 53 இருந்தது 43 ஆனது. முதல் மூன்று லீக் ஆட்டங்களில் செல்சியிடம் தோல்வி, பர்ன்லியுடனும் சுவான்சியுடனும் டிரா என்பதால், வெம்ப்ளி இவர்களுக்கு ஒத்துவராது என்று உடனே தீர்ப்பெழுதப்பட்டது. ஆனால் அதே இலையுதிர் காலத்தில் அதே களத்தில் டார்ட்மண்டையும் ரியல் மாட்ரிட்டையும் 3–1 என வென்றார்கள். அந்த இரண்டு அணிகளும் முன்னேறி ஆட வந்தவை. அவை பின்னால் விட்ட இடத்தில் ஹேரி கேனும் அவருடைய கூட்டாளிகளும் ஓடினார்கள். பர்ன்லியும் சுவான்சியும் அப்படி இடம் விடவில்லை. எனவே பத்துப் புள்ளி இழப்பை ஐந்து மீட்டர் நீளத்தின் தலையில் கட்ட என் மனம் ஒப்பவில்லை. புதிய இடம், ஆடுகளத்திலிருந்து தள்ளியிருக்கும் இருக்கைகள், எதிரணி எப்படி ஆடியது என்பவை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

கோல்கோடு எழுதியது:

உங்கள் இரண்டாம் கேள்விக்கு, அதாவது சாதகத்தில் அளவின் பங்கு எவ்வளவு என்பதற்கு, பெருந்தொற்றுக் காலம் ஒரு வலுவான விடை தந்திருக்கிறது. 2020–21 பிரீமியர் லீக் பருவம் பெரும்பாலும் வெற்று மைதானங்களில் நடந்தது. 380 ஆட்டங்களில் சொந்த மைதான அணிகள் வென்றவை 144, வெளியூர் அணிகள் வென்றவை 153. இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கில் ஒரு முழுப் பருவத்தில் வெளியூர் வெற்றிகள் மிஞ்சியது அதுவே முதல்முறை. அந்த ஆண்டும் ஒவ்வொரு அணியும் தன் வழக்கமான அளவுக் களத்தில்தான் ஆடியது, பக்கக்கோடுகள் நகரவில்லை. இல்லாமல் போனது கூட்டம் மட்டுமே.

ஆகவே ஒரு லீக் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சாதகத்தின் பெரும்பங்கு கூட்டத்திடம் இருக்கிறது, அந்தக் கூட்டத்தின் குரல் நடுவரின் முடிவுகள் மீது செலுத்தும் அழுத்தம் உட்பட. களத்தின் அளவு, அதற்கென்றே கட்டப்பட்ட ஓரிரு அணிகளுக்கு மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. டெலப் இல்லாத ஸ்டோக்குக்கு 64 மீட்டர் அகலம் எதைத் தந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சற்று நெருக்கமான தற்காப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. புதிதாகக் கட்டப்படும் பெரிய மைதானங்கள் ஐரோப்பியப் போட்டிகளின் தேவைக்காக 105க்கு 68 என்றே அமைக்கப்படுவதால், இந்த வேறுபாட்டை இனிப் பழைய மைதானங்களிலும் கீழ்நிலை லீக்குகளிலும்தான் பார்க்க முடியும். அடுத்த முறை கிரேவன் காட்டேஜிலிருந்து ஆட்டம் ஒளிபரப்பாகும்போது, பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் நேரத்தில் பக்கவாட்டில் தற்காக்கும் ஃபுல்பேக் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்துவிட்டு இங்கே எழுதுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.