புதுப்பிப்பு: லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் நின்றபின் என் 51515 பெட்டியின் நிலை

விடையளித்த அனைவருக்கும் நன்றி. லெகோ நிறுவனத்தின், ரோபோ செய்து நிரலெழுதி இயக்கும் மைண்ட்ஸ்டார்ம்ஸ் பொம்மை வரிசை முடியப்போகிறது என்ற பேச்சு உண்மையா, உண்மையென்றால் அதில் நான் வாங்கிய ரோபோ இன்வென்டர் பெட்டி (எண் 51515) வெறும் அலங்காரப் பொருளாகிவிடுமா என்று இங்கே கேட்டிருந்தேன்.

பேச்சு உண்மைதான். 1998இல் ஆர்சிஎக்ஸ் என்னும் முதல் தலைமுறையுடன் தொடங்கி என்எக்ஸ்டி, ஈவி3 என அடுத்தடுத்த தலைமுறைகளாக வளர்ந்த இவ்வரிசையை 2022 இறுதியோடு நிறுத்துவதாகவும், ரோபோவுக்கு நிரலெழுத உதவும் செயலிக்கான (ஆப்) ஆதரவு 2024 இறுதிவரை மட்டுமே என்றும் லெகோ அறிவித்தது. பொம்மை நின்றதைவிட, செயலிக்கும் நாள் குறித்ததுதான் என்னை வருத்தியது. லெகோவின் பிளாஸ்டிக் செங்கற்கள் அரை நூற்றாண்டு தாங்கும், மென்பொருள் தாங்காது.

நீங்கள் சொன்னவற்றுள் பலித்தது பைபிரிக்ஸ் என்னும் திறமூல ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் அடிப்படை மென்பொருள். ரோபோவின் மூளையான ஹப்பை அணைத்து, அதன் புளூடூத் பொத்தானை அழுத்தியபடியே யூஎஸ்பி கம்பியைச் செருகி, குரோம் உலாவி வழியாக அதை நிறுவினேன். இப்போது பைத்தானில் எழுதும் நிரல் புளூடூத் மூலம் ஹப்புக்குப் போய்விடுகிறது. லெகோவின் செயலியே தேவையில்லை. வேண்டுமானால் பழைய ஃபர்ம்வேருக்கும் திரும்பலாம்.

எதிர்பாராதவை இரண்டு. ஐபேடின் சஃபாரியில் வெப் புளூடூத் (உலாவியே புளூடூத் கருவியோடு இணைவது) வசதி இல்லாததால் அங்கே இது நடக்காது. கட்டங்களை அடுக்கி நிரலெழுதும் வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டு, பைத்தான் இலவசம். உதிரிக்கு அலைவோர் கவனிக்க: லெகோவின் மற்றொரு ரோபோ பெட்டியான ஸ்பைக் பிரைமின் மோட்டார்களும் விசை உணரியும் இதே ஹப்பில் பொருந்துகின்றன.