எந்தத் தாலமி, எந்த ஆண்டியோகஸ்? ஆங்கிலத்தில் எழுதும்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மெய்ப்புக்காரன்:
வரலாற்றுக் கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் மெய்ப்புப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அண்மையில் வந்த ஒரு கட்டுரையில் "தாலமி ஆண்டியோகஸை எதிர்த்துப் போரிட்டார்" என்று ஒரு வரி. ஆண்டும் இல்லை, எண்ணும் இல்லை. எகிப்தை ஆண்ட தாலமிகளுக்கும் சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னர்களுக்கும் நடந்த சிரியப் போர்கள் ஆறு. மூன்றாவதில் மட்டும் எதிரி இரண்டாம் செலூக்கஸ். மற்ற ஐந்திலும் ஒரு பக்கம் தாலமி, மறுபக்கம் ஆண்டியோகஸ்! எழுதியவரைக் கேட்டால் "ரஃபியா போர்" என்றார். அப்படியென்றால் கி.மு. 217, நான்காம் தாலமி, மூன்றாம் ஆண்டியோகஸ். ஜெயித்தது எகிப்து. அதே மூன்றாம் ஆண்டியோகஸ் அடுத்த போரில் ஐந்தாம் தாலமியின் படையைத் தோற்கடித்துத் தென் சிரியாவையே பிடித்துக்கொண்டார். எண் ஒன்று மாறினால் வென்றவரும் மாறிவிடுவார்.

திருத்தி அனுப்பச் சொன்னேன். "ஃபோர்த் தாலமி" என்று வந்தது. தமிழில் எண் முன்னால் வரும், ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் ரோமன் எண்ணாக வரும் என்றேன். அடுத்த முறை எண்ணுக்கு முன் ஒரு "தி" சேர்ந்திருந்தது. அந்தத் "தி" வாயால் படிக்கும்போது மட்டும்தான், எழுத்தில் கிடையாது. காற்புள்ளியும் வேண்டாம், முற்றுப்புள்ளியும் வேண்டாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

பழங்காசு:
அண்ணே, எங்க பக்கம் வந்து பாருங்க! தாலமி வெள்ளிக் காசுல ஒரு பக்கம் முதலாம் தாலமியோட தலை, மறுபக்கம் இடியாயுதத்து மேல நிக்கிற கழுகு. சுத்தி கிரேக்கத்துல "தாலமி அரசருடையது"ன்னு மட்டும் இருக்கும். பேரன் கொள்ளுப்பேரன் காலத்துலயும் அதே தலை, அதே எழுத்து. எண்ணெல்லாம் பின்னால வந்த வரலாற்றாசிரியர்கள் ஒட்டினது. அதனால காசை வெச்சு எந்தத் தாலமின்னு சொல்றதே பெரிய வேலை. விக்கிறவங்க ஆங்கிலக் குறிப்புல துணிஞ்சு ஒரு எண்ணைப் போட்டுருவாங்க.

அந்த எண்ணும் எல்லா நூல்லயும் ஒண்ணா இருக்காது. தொப்பையன்னு பட்டப்பெயர் வாங்கின ஃபிஸ்கான், பழைய ஆங்கில நூல்கள்ல ஏழாம் தாலமி, இப்ப எட்டாம் தாலமி. நடுவுல ஒரு பையன் ஆண்டானா இல்லையாங்கிற சண்டையால வந்த வினை. போதாக்குறைக்கு இவரோட முழுப் பட்டம் "எட்டாம் தாலமி, இரண்டாம் யூர்கெட்டீஸ்". அந்த "இரண்டாம்" பட்டத்துக்கு உரியது, பேருக்கு இல்லை. ஒரு விற்பனைக் குறிப்புல சுருக்கறேன்னு இரண்டாம் தாலமி ஆக்கிட்டாங்க. அவர் செத்தது கி.மு. 246, இவர் செத்தது 116. விலையே வேற!

போட்டித்தேர்வு:
நான் ஆங்கில வழி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியரைச் சொல்வதால் நம் பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள். அதிலேயே ஐந்து யவன அரசர்களும் வருகிறார்கள்: அந்தியோகன், துலமாயன், அந்தெகினன், மகன், அலிகசுந்தரன். விடைத்தாளில் கடைசிப் பெயரைப் பார்த்ததும் "அலெக்சாண்டர் தி கிரேட்" என்று எழுதிவிடுவார்கள். அவர் கி.மு. 323-லேயே இறந்துபோனார், அசோகர் பிறப்பதற்கு முன்பே. கல்வெட்டில் உள்ளவர் எபிரஸ் நாட்டு அலெக்சாண்டர் என்று ஒரு சாரார், கொரிந்து அலெக்சாண்டர் என்று இன்னொரு சாரார். எபிரஸ்காரர் அந்நாட்டில் இரண்டாம் அலெக்சாண்டர், ஆனால் வெறும் எண்ணை எழுதினால் மாசிடோனியாவின் இரண்டாம் அலெக்சாண்டர் குறுக்கே வந்து நிற்பார். அதனால் "அலெக்சாண்டர் ஆஃப் எபிரஸ்" என்று நாட்டோடு எழுதச் சொல்கிறேன். மற்றவர்கள் இரண்டாம் ஆண்டியோகஸ், இரண்டாம் தாலமி, மாசிடோனியாவின் ஆண்டிகோனஸ் கோனாடஸ், சைரீனின் மகஸ். மகஸ் மட்டும் எங்களுக்கு எந்தத் தொல்லையும் தந்ததில்லை.

ஞாயிறு வாசகர்:
எங்கள் விவிலிய வாசிப்புக் குழுவில் மக்கபேயர் முதல் நூல் போனது. பத்தாம் அதிகாரத்தில் செலூக்கிய அரசர் தெமேத்திரியு போரில் சாகிறார். கொஞ்ச வசனம் தள்ளித் தெமேத்திரியு கிரேத்துத் தீவிலிருந்து வந்து இறங்குகிறார். "உயிர்த்தெழுந்தாரா?" என்று ஒரு பாட்டி கேட்டார், எல்லாரும் சிரித்துவிட்டோம். வந்தவர் மகன், இரண்டாம் தெமேத்திரியு. ஆங்கிலக் குறிப்பு தயாரித்தவர் இருவருக்கும் "கிங் டிமீட்ரியஸ்" என்றே போட்டிருந்தார். அதே அதிகாரத்தில் தாலமி தன் மகள் கிளியோபாத்ராவை, செலூக்கிய அரியணையைப் பிடித்த அலெக்சாண்டர் என்பவருக்குக் கட்டிக்கொடுக்கிறார், அடுத்த அதிகாரத்தில் பிடுங்கி இளைய தெமேத்திரியுவுக்குக் கொடுக்கிறார். குறிப்பில் "குயீன் கிளியோபாத்ரா" என்று மட்டும் இருந்ததால் ஜூலியஸ் சீசர் எப்போது வருவார் என்று கேள்வி. இவர் ஆறாம் தாலமியின் மகள் கிளியோபாத்ரா தேயா. சீசரின் கிளியோபாத்ரா ஏழாமவர், நூறு ஆண்டு பிந்தியவர்.

பட்டப்பெயரை மட்டும் நம்பவும் முடியாது. எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்திய நான்காம் ஆண்டியோகஸும் எபிஃபனீஸ், இந்த அலெக்சாண்டரும் எபிஃபனீஸ், ரொசெட்டா கல்லில் வரும் ஐந்தாம் தாலமியும் எபிஃபனீஸ்!

முசிறிப் பைத்தியம்:
முசிறியையும் கொற்கையையும் குறித்துவைத்த தாலமி ராஜா இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா அறிஞர். தாலமி வம்சம் கி.மு. 30-லேயே முடிந்தது. ரஃபேல்கூடத் தன் சுவரோவியத்தில் அவருக்குக் கிரீடம் வைத்துவிட்டார், நாம் எம்மாத்திரம். ஆங்கிலத்தில் "கிளாடியஸ் தாலமி" என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் பிறகு வெறும் தாலமி போதும்.

மெய்ப்புக்காரன்:
அருமை, எல்லாருக்கும் நன்றி. இப்போது ஒரு நூலின் பெயரடைவில் உட்கார்ந்திருக்கிறேன். "முதலாம் டிமீட்ரியஸ்" மூன்று பேர்: மாசிடோனியா, செலூக்கியப் பேரரசு, பாக்ட்ரியா. நாட்டின் பெயரைச் சேர்த்துப் பிரித்தாயிற்று. மாட்டிக்கொண்டது தாலமி கெரௌனோஸிடம். எகிப்தின் முதலாம் தாலமிக்கு மகன், முதலாம் செலூக்கஸைக் குத்திக் கொன்றவர், ஆண்டது மாசிடோனியா. எகிப்து வரிசையில் அவருக்கு எண் கிடையாது. தம்பிதான் இரண்டாம் தாலமி. எகிப்தின் தாலமிகளை எண் வரிசையில் முடித்துவிட்டு அவர்களுக்குக் கீழே தனியாக வைத்திருக்கிறேன். வேறு இடம் தோன்றினால் சொல்லுங்கள், அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.