ரேமா, எஸ்எம்பிஎஸ்ஸா? எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் மெஷின் பட்டென்று அணைகிறது

முகூர்த்த_வீடியோ:
வணக்கம். திண்டுக்கல்லில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் மெஷின் பத்து நாளாகப் படுத்துகிறது. பிரவுசர், பாட்டு, போட்டோ வேலை எல்லாம் நாள் முழுக்க ஓடுகிறது. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் ஐந்து நிமிடத்திலோ நாற்பது நிமிடத்திலோ பட்டென்று அணைந்து, தானாக மறுபடி ஆன் ஆகிறது. நீலத் திரை வருவதே இல்லை. பிராசஸர் ரைசன் 5 3600, 8 ஜிபி ரேம் இரண்டு, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி) 2020-இல் கேபினெட்டோடு வந்தது, 450 வாட் என்று போட்டிருக்கிறது. கடையில் காட்டினேன். "ரேம் போயிருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம்" என்றார்கள். ரேம் விற்கிற விலையில் கொஞ்சம் கேட்டுக்கொண்டு செய்யலாமே என்று இங்கே வந்தேன்.

சால்டரிங்_சாமி:
தம்பி, ரேமைத் தொடாதீர்கள். கேபினெட்டோடு சும்மா வருகிற டப்பா எஸ்எம்பிஎஸ்தான் இது. கழற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், எடையே இருக்காது. தெரிந்தவர் யாரிடமாவது நல்லது ஒன்றை இரண்டு நாளைக்கு வாங்கி மாட்டுங்கள். முப்பது வருஷமாக பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறேன், மாற்றிப் பார்ப்பதைவிடப் பெரிய டெஸ்ட் கிடையாது.

பிட்_பைட்_பாரி:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் கடைக்காரர் ரேம் என்று குத்துமதிப்பாகச் சொன்னார், நீங்கள் எஸ்எம்பிஎஸ் என்று குத்துமதிப்பாகச் சொல்கிறீர்கள். என்ன வித்தியாசம்?

முதலில் விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறங்கள். கர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் "பவர் பிரச்சினை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் போயிற்று என்பதை விண்டோஸ் அடுத்த முறை எழும்போது எழுதி வைக்கிற குறிப்பு அது, அவ்வளவுதான். அதன் விவரத்துக்குள் பக்செக் கோடு, அதாவது நீலத் திரைக்கான பிழை எண், என்ன என்று பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்குக் கடைசி வார்த்தை எழுதக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. வேறு எண் என்றால், விழுந்த நேரத்து நிலையைப் பதிந்த மினிடம்ப் ஃபைல் இருக்கும், அதைப் படிக்கலாம். கூடவே வீயா-லாகர் (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைகளின் பதிவு) என்ற பெயரில் பிழை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேம் கெட்டால் இப்படி நாகரிகமாக ஒரே மாதிரி சாகாது. ஒரு நாள் ஒரு நீலத் திரை, மறுநாள் வேறு ஒன்று, ஜிப் ஃபைல் விரியாது, பிரவுசர் டேப் தானாக விழும். சந்தேகம் தீர, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை பென்டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

முகூர்த்த_வீடியோ:
பார்த்தேன். பதினொரு தடவை 41, பதினொன்றிலும் கோடு 0. வீயா ஒன்றுமில்லை. மெம்டெஸ்ட் விடிய விடிய ஓடி நாலு பாஸ், ஒரு பிழைகூட இல்லை. ஆனால் ஒரு குழப்பம். கடையில் சொன்னபடி ரேமின் தங்க முனையை ரப்பரால் தேய்த்து, ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டேன். நேற்று முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை! அப்போது ரேம்தானோ?

பிட்_பைட்_பாரி:
நேற்று எக்ஸ்போர்ட் போட்டீர்களா?

முகூர்த்த_வீடியோ:
இல்லை... நேற்று கரிநாள். ஆள் வரவில்லை, போட்டோ கரெக்‌ஷன் மட்டும்தான் செய்தேன்.

பிட்_பைட்_பாரி:
இதைத்தான் சொல்கிறேன் சாமி ஐயா. மாற்றிப் பார்க்கிற வைத்தியத்தில் இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இவர் புது ரேம் வாங்கியிருப்பார். ரப்பர் விஷயமும் அப்படித்தான். கழற்றி மாட்டினாலே பாதிக் கோளாறு சரியாகும், பேர் ரப்பருக்குப் போகிறது. அந்தத் தங்கப் பூச்சு மெலிசு, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்.

சால்டரிங்_சாமி:
மாற்றிப் பார்த்தது தப்பில்லை தம்பி. மாற்றிவிட்டு அதே வேலையைக் கொடுக்காததுதான் தப்பு. ரேமை மறுபடி போடச் சொல்லுங்கள், எக்ஸ்போர்ட் போடட்டும், அணையும்.

மெயின்_ஸ்விட்ச்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 450 வாட் என்பதை விடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் குடிக்கின்றன.

முகூர்த்த_வீடியோ:
12 வோல்ட், 18 ஆம்பியர்.

மெயின்_ஸ்விட்ச்:
18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். உங்கள் கார்டு 125 வாட், பிராசஸர் முழு மூச்சில் 88 வாட் வரை போகும். 213 ஆயிற்று. ஃபேன், ஹார்ட் டிஸ்க், போர்டு எல்லாவற்றுக்கும் மீதி 3 வாட்! அதுவும் அட்டவணையில் எழுதியிருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டால்.

சால்டரிங்_சாமி:
கணக்குப் போட்டுக் காட்டினால்தான் நம்புவீர்கள் என்றால் சரி.

பிட்_பைட்_பாரி:
சந்தேகம் வலுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சந்தேகம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகிறதா என்று யாரும் அளக்கவில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர் கதையை நினைத்துப் பாருங்கள். கேமில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று வந்தது, எத்தனை பேர் கிராபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள்? கடைசியில் பிராசஸருக்கு அதிக வோல்ட்டேஜ் போகிறது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது. ஆகஸ்ட்டில் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே ஓடுகிற கட்டளைகள்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் கூட்டினார்கள். ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரியாக்காது என்பது வேறு கதை. அனுபவம் மட்டும் போதும் என்றால் அன்றைக்கு எல்லோரும் எஸ்எம்பிஎஸ் மாற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

சகோ, மல்டிமீட்டர் இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற நாலு பின் கேபிள் முனைகளில், அதாவது மோலெக்ஸில், சும்மா தொங்குகிற ஒன்றில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வையுங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த_வீடியோ:
இரண்டு ரேமும் போட்டே பார்த்தேன். சும்மா இருக்கும்போது 11.92. எக்ஸ்போர்ட்டில் 11.56. அப்படிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது.

பிட்_பைட்_பாரி:
அப்படியானால் எஸ்எம்பிஎஸ் வரம்புக்குள்தான் இருக்கிறது.

சால்டரிங்_சாமி:
மீட்டர் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். சரிவு மில்லி விநாடிக் கணக்கு. மின்னலை நாட்காட்டியில் தேடுகிறீர்கள்.

பிட்_பைட்_பாரி:
எது அளந்தாலும் "அது தெரியாது" என்றால், உங்கள் கட்சி எப்போதுதான் தோற்கும்?

முகூர்த்த_வீடியோ:
சண்டை வேண்டாம் அண்ணா. பொறுக்க முடியாமல் 550 வாட்டில் நல்லதாக ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டேன். மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழையதில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி கேபிளே இல்லை. கார்டு மாட்டியவர் இரண்டு மோலெக்ஸை எட்டு பின் ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்றைக் கோத்திருக்கிறார். அதில் ஒரு மோலெக்ஸின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் ஒயர் நுழைகிற இடத்தில் மட்டும், காய்ச்சிய நெய்யின் அடிக்கசடு மாதிரி பழுப்பாகியிருக்கிறது. இழுத்தால் வரவில்லை, ஆட்டி ஆட்டித்தான் பிரிந்தது. உள்ளே பின் கறுத்துப்போய், லேசாக வாய் பிளந்திருக்கிறது.

புதியதில் அதற்கான கேபிளே இருக்கிறது. நேற்று இரவு மூன்று எக்ஸ்போர்ட், தொடர்ச்சியாக. அணையவில்லை.

சால்டரிங்_சாமி:
சொன்னேனா இல்லையா?

பிட்_பைட்_பாரி:
நீங்கள் எஸ்எம்பிஎஸ் என்றீர்கள், வெந்தது கன்வெர்ட்டர். நான் அளக்கச் சொன்ன இடமும் தப்பு, அது என் பிழை. சும்மா தொங்குகிற மோலெக்ஸில் கரண்ட் ஓடுவதில்லை. வாய் பிளந்த பின்னில் விழுகிற வோல்ட்டேஜ் அங்கே எப்படித் தெரியும்? கார்டுப் பக்கம் வைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம்.

மெயின்_ஸ்விட்ச்:
ஒரு சின்ன உறுத்தல். பின் மட்டும்தான் காரணமென்றால் கார்டு விழும், திரை கறுக்கும், ஃபேன் அலறும். மெஷின் முழுக்க அணைந்து எழுவானேன்? எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்துதான் என்று படுகிறது.

சால்டரிங்_சாமி:
கார்டுக்கு கேபிள் கொடுக்காத எஸ்எம்பிஎஸ் வாங்கினால் கன்வெர்ட்டர் வரத்தான் செய்யும். இரண்டும் ஒரே குற்றவாளிதான் தம்பி.

பிட்_பைட்_பாரி:
எஸ்எம்பிஎஸ், கேபிள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியாயிற்று. இனி எது என்று யார் சொல்வது? சகோ, ஒரே ஒரு உதவி. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் புது கன்வெர்ட்டர் போட்டு ஒரே ஒரு எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவிடும்.

முகூர்த்த_வீடியோ:
அண்ணா, ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த நாலு கல்யாணம் இன்னும் டெலிவரி ஆகவில்லை. பொண்ணு வீட்டுக்காரர் ஒருத்தர் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். பழையதைப் பரணில் போட்டுவிட்டேன், யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங்_சாமி:
எனக்கு அனுப்புங்கள். திறந்து பார்த்துக் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பாரி தம்பிக்குப் படம் போடுகிறேன்.

பிட்_பைட்_பாரி:
படம் போதாது ஐயா, லோடு கொடுத்து அளந்து காட்டுங்கள்.