எலுமிச்சைத் தோலின் இரண்டு அடுக்குகள்: ‘ஜெஸ்ட்’டுக்கு என்ன சொல்?

வணக்கம்.

சமையல் குறிப்புகளில் வரும் ‘ஜெஸ்ட்’டை ‘எலுமிச்சைத் தோல் துருவல்’ என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர் வெள்ளை வரைக்கும் துருவிப் போடுகிறார், கேக் கசந்துபோகிறது. வேண்டியது நிறமுள்ள மேலடுக்கு மட்டும். எண்ணெய்ப் பைகள் இருப்பது அதில்தான். ஆரஞ்சுத் தோலின் நிறப்பக்கம் சுடரைப் பார்க்க இருக்கும்படி பிடித்து மடக்கினால், பொறி பொறியாகத் தெறித்து எரிவது அந்த எண்ணெயே.

இந்த அடுக்குக்கு ‘மணத்தோல்’, கீழே உள்ள வெள்ளைக்குக் ‘கசப்புத்தோல்’ என்று வைக்கலாமா? வெள்ளைக்கு ‘நெட்டி’ பொருந்தாது. நெட்டி தண்டின் உள்ளே இருப்பது.

—

மறுமொழி:

> வெள்ளைக்குக் ‘கசப்புத்தோல்’

‘மணத்தோல்’ நன்று. ‘கசப்புத்தோல்’ வேண்டாம். அந்தப் பெயரைப் பார்த்தாலே குப்பையில் போடத் தோன்றும். மார்மலேட் (தோலோடு காய்ச்சும் ஆரஞ்சு ஜாம்) இறுகுவதற்கான பெக்டின் என்னும் பசைப்பொருள் பெரும்பாலும் வெள்ளையிலும் விதையிலும்தான் இருக்கிறது. இரண்டையும் மெல்லிய துணியில் முடிந்து சாறோடு கொதிக்கவிட்டு, பிறகு அழுத்திப் பிழிந்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பாகு ஓடும். நம் உப்பு நார்த்தங்காயில் கடித்து மெல்லும் சதையே அந்த வெள்ளைதான். காயைச் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பைத் திணித்து, ஜாடியில் ஊறவிட்டுக் காயவைக்கும்போது கசப்பு வேண்டிய அளவுக்குத் தணிகிறது.

கசப்பு வெள்ளைக்கு மட்டும் உரியதும் இல்லை. சாத்துக்குடிச் சாற்றைப் பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கிறதே, அது லிமோனின் என்னும் கசப்புப் பொருள். விதை, சுளைச் சவ்வு, வெள்ளை மூன்றிலிருந்தும் வரும் முன்பொருள், சாற்றின் அமிலத்தில் மெல்ல லிமோனினாக மாறுகிறது. பிழிந்த உடனே நாக்குக்குத் தெரியாது.

‘வெண்தோல்’ என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

—

மறுமொழி:

வெண் + தோல் புணர்ந்தால் ‘வெண்டோல்’. இலக்கணப்படி எழுதினால் யாருக்கும் புரியாது, பிரித்து எழுதினால் இங்கேயே சண்டை வரும். தொட்டால் பஞ்சு போல அமுங்குகிற பகுதி அது, ‘பஞ்சுத்தோல்’ என்போம். ‘நடுத்தோல்’ என்பதைத் தாவரவியலுக்கு விட்டுவிடலாம். மாம்பழத்தில் நாம் தின்னும் சதையும் அந்தக் கணக்கில் நடுத்தோல்தான்.

—

மறுமொழி:

‘பஞ்சுத்தோல்’ எனக்கும் உடன்பாடு. துருவி எடுத்ததை ‘மணத்துருவல்’ என்றும், கத்தியால் பட்டையாகச் சீவியதை ‘மணச்சீவல்’ என்றும் பிரிப்போம். பாக்குச் சீவல் தெரிந்தவருக்குச் சீவல் என்றால் விளக்கம் வேண்டாம். தேநீரிலோ பாகிலோ போட்டுப் பிறகு எடுத்துவிடுவதற்குச் சீவல், மாவில் கலந்துவிடுவதற்குத் துருவல்.

சொல்லோடு செய்முறையையும் பதிவில் சேர்க்க வேண்டும். பழத்தை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும். சாறு பிழியுமுன் துருவவும்; பிழிந்த மூடி துருவியில் மடங்கிக்கொள்ளும். மிக நுண்ணிய துருவியில் ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம், பழத்தைத் திருப்பிக்கொண்டே வரவும். வெள்ளை தெரிந்தால் அந்த இடம் முடிந்தது. தேங்காய்த் துருவி முழுத்தோலையும் பிய்த்துவிடும். நம் ஊர் எலுமிச்சையின் தோல் மெல்லியது; ஒரு பழத்துக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான் தேறும். கமலா ஆரஞ்சின் தோல் தளர்ந்திருப்பதால் உரித்தபின் துருவ வராது, முழுப்பழமாகவே துருவவும்.

துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்கினால் எண்ணெய் அதில் இறங்கி, சர்க்கரை ஈரமணல் போலாகும்; மாவில் மணம் சீராகப் பரவ அதுவே நல்ல வழி. குழம்பு, சாதம் போன்றவற்றில் அடுப்பை அணைத்தபின் சேர்க்கவும். கொதியில் மணம் ஆவியோடு போய்விடும்.

சவ்வு நீக்கிய சுளைக்கு இன்னும் சொல் இல்லை. பம்ப்ளிமாஸை உரித்துத் தின்கிற வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர் எழுதுங்கள்.