கண்கட்டிக்கு நாமக்கட்டியா, வெந்நீர் ஒத்தடமா?

கோபி அம்மிணி:
வணக்கமுங்க. பையனுக்கு 7 வயது. முந்தாநாள் காலையில் வலது மேல் இமையின் ஓரம் சிவந்திருந்தது. இன்றைக்கு உளுந்து அளவுக்கு வீங்கி, நடுவில் மஞ்சளாக முனை தெரிகிறது. தொட்டால் அழுகிறான். மாமியார் நாமக்கட்டி உரைத்துப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வெந்நீர் ஒத்தடம்தான் என்கிறார். எதைச் செய்ய?

காங்கேயத்துக்காரர்:
மாமியார் சொல்வதைக் கேளுங்க அம்மிணி. இது உடம்புச் சூட்டில் வருவது. எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) சந்தனக் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நாமக்கட்டியை உரைத்து, கட்டியைச் சுற்றிப் போடுவார். மூன்றாம் நாள் அமுங்கிவிடும். கூடவே உச்சந்தலையில் விளக்கெண்ணெய், தினம் ஒரு இளநீர். சூட்டில் வந்ததற்குச் சூட்டையே வைப்பது என்ன நியாயமுங்க?

பல்லடம் செவிலி:
அண்ணா, இளநீரும் விளக்கெண்ணெயும் இருக்கட்டும், கெடுதல் இல்லை. நாமக்கட்டிதான் வேண்டாம். அது வெள்ளைக் களிமண். காய்ந்ததும் பொருக்காக உதிரும். குழந்தை கண்ணைக் கசக்கினால் அந்தத் தூள் நேராகக் கருவிழிக்குப் போகும்.

இமை முடியின் வேரை ஒட்டி எண்ணெய் சுரக்கும் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதன் வாய் அடைத்துக்கொண்டு, தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உள்ளே பெருகினால் சீழ் கட்டுகிறது. அதுதான் கண்கட்டி. உறைந்த எண்ணெய் இளகினால்தான் வாய் திறக்கும், அதற்குத்தான் சூடு. தொடையில் கட்டி வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? அரிசி மாவில் மஞ்சள் போட்டுக் கிளறி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவோம். பழுத்து உடையட்டும் என்றுதானே? இமைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து இமை மேல் வைக்கும் பழக்கமும் நம் அமுச்சிகளுடையதுதான். சூடு சரி. கழுவாத விரல்தான் சரியில்லை.

காங்கேயத்துக்காரர்:
தொடைத் தோலும் இமைத் தோலும் ஒன்றா? ஏழு வயதுப் பையன் ஆடாமல் இருப்பானா? வெந்நீர் பட்டு இமை பொத்துப்போனால் யார் பொறுப்பு? நாமக்கட்டி யாரையும் சுட்டதில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அமுங்கியிருக்கிறது.

பல்லடம் செவிலி:
அந்தப் பயம் நியாயமானதுங்க அண்ணா. அதனால்தான் கொதிக்கக் கொதிக்க வைக்கக் கூடாது. காய்ச்சி இளஞ்சூடு வரும் வரை ஆறவிட்ட தண்ணீரில் துவைத்த பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் உள்மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் மூடிய கண் மேல் 10 நிமிடம், ஆற ஆற நனைத்து. ஒரு நாளைக்கு 3, 4 தடவை. அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது.

மூன்றாம் நாள் அமுங்கியது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்கட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே உடைந்து ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைப் போட்டோமோ அதற்குப் பேர் கிடைக்கிறது.

நொய்யல்கரை:
நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பஞ்சுத் தூசியில் கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பேன். போன வருடம் கட்டி வந்தபோது மஞ்சள் முனை தெரிந்ததும் நகத்தால் பிதுக்கிவிட்டேன். மறுநாள் இமை முழுக்க வீங்கிக் கண்ணே திறக்கவில்லை, கன்னம் வரை சிவப்பு. பத்து நாள் மாத்திரை சாப்பிட்டேன். அம்மிணி, எதை வேண்டுமானாலும் போடுங்கள், பிதுக்க மட்டும் விடாதீர்கள்.

பல்லடம் செவிலி:
காய்ச்சல், சிவப்பு பரவுவது, கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். பெரியவர்களுக்கு அடிக்கடி வந்தால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

கோபி அம்மிணி:
நேற்று ராத்திரியிலிருந்து நாலு தடவை ஒத்தடம் கொடுத்தாச்சுங்க. நூறு வரை எண்ணச் சொன்னால் ஆடாமல் படுத்திருக்கிறான். இன்று காலை பீளையோடு சேர்ந்து சீழ் தானாக வடிந்திருந்தது. வலி பாதி இல்லை என்கிறான். மாமியார்தான் துணி பிழிந்து தருகிறார், ஆனால் நாமக்கட்டியை இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை.

காங்கேயத்துக்காரர்:
சந்தோஷமுங்க. இளநீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சூடு தணியாமல் அடுத்த கண்ணுக்கு வரும் என்று நான் இன்னமும் நம்புகிறேன்.

பல்லடம் செவிலி:
அடுத்த கண்ணுக்கு வராமலிருக்க, தலையணை உறையை இன்றைக்கே மாற்றிவிடுங்கள் அம்மிணி.