தாளாளர் மறைவுக்குத் தேசியக்கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா? அவசர உதவி தேவை

பி.டி. வாத்தியார் கேட்டது:

வணக்கம். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் தாளாளர் ஐயா இன்று காலை காலமாகிவிட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண்பிள்ளைகள் பத்தாவது தாண்டியதே அவரால்தான். நாளை மதியம் அடக்கம். அதுவரை உடலைப் பள்ளி வளாகத்தில்தான் வைக்கிறார்கள். பழைய மாணவர்கள் வந்து, தேசியக்கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும், உடல்மேல் கொடி போர்த்த வேண்டும் என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியர், "கொடி விஷயம் நீங்க பார்க்கிறதுதானே சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

நாங்கள் தினமும் கொடி ஏற்றுவதில்லை. சுதந்திர தினம், குடியரசு தினம், அவ்வளவுதான். இருபது அடி இரும்புக் குழாய்க் கம்பம், சாயாமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் இழுகம்பி கிடையாது. கப்பி வேறு துருப்பிடித்து, கயிறு பாதியில் நிற்கிறது. அரைக்கம்பம் என்றால் சரியாக எந்த இடம், எப்படி இறக்குவது என்பதையும் சொல்லுங்கள். அவருக்குக் குறை வைத்துவிடக் கூடாது, கொடிக்கும் குறை வந்துவிடக் கூடாது.

முன்னாள் ஹவில்தார்:

ஆழ்ந்த இரங்கல் தம்பி. பழைய மாணவர்களின் பாசம் புரிகிறது, ஆனால் இரண்டும் கூடாது. அரைக்கம்பம் என்பது அரசு அறிவிக்கும் துக்கம். அரசு உத்தரவுப்படி அரசுக் கட்டடங்களில் கொடி தாழப் பறக்கும் நாளில் மட்டும்தான் மற்றவர்களும் அப்படிப் பறக்கவிடலாம். வேறு நாளில் செய்தால் அது கொடிக்கு அவமரியாதை என்று 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துக்க வீட்டில் இப்படி ஒரு வழக்கு தேவையா?

உடல்மேல் போர்த்துவது அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கும், ராணுவம், மத்திய துணை ராணுவப் படையினரின் இறுதிச் சடங்குக்கும் மட்டும். அங்கேயும் காவி நிறம் தலைமாட்டில் வரவேண்டும். புதைக்கும்முன், எரியூட்டும்முன் கொடியை எடுத்து மடித்துவிடுவார்கள். அது குழிக்குள்ளும் போகாது, சிதையிலும் வேகாது. பணியில் இருந்தபோது அப்படிக் கொடி மடித்த கை இது, அதனால் சொல்கிறேன்.

மேலத்தெரு மாணவன்:

ஐயா, நானும் அப்படி ஒரு தாளாளரிடம் படித்தவன்தான். மனசு கேட்கவில்லை, அதனால் கேட்கிறேன். லதா மங்கேஷ்கர் எந்தப் பதவியிலும் இல்லை, அவருக்குக் கொடியை இறக்கினார்களே? ஒரு பாடகருக்கு உண்டு, ஊருக்கே கல்வி கொடுத்தவருக்கு இல்லையா?

முன்னாள் ஹவில்தார்:

நியாயமான கேள்வி தம்பி. கொடி விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் மறைந்தால் நாடு முழுக்க. மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில். மத்திய கேபினட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுக்க. மாநில அமைச்சர் என்றால் அந்த மாநிலத் தலைநகரில் மட்டும். இவர்களெல்லாம் பதவியில் இருக்கும்போது இறந்தால் உள்ள ஏற்பாடு.

அதற்கு வெளியே அரசு தனியாக உத்தரவு போடும். லதா மங்கேஷ்கருக்கு 2022 பிப்ரவரி 6, 7 என இரண்டு நாள் போட்டது. 2015-ல் அப்துல் கலாம் மறைந்தபோது ஏழு நாள். 2018-ல் கருணாநிதி மறைந்தபோது அவர் முன்னாள் முதல்வர்தான், மாநில அரசு ஏழு நாள் துக்கம் அறிவித்தது. யார் பெரியவர் என்று கொடி எடை போடுவதில்லை. அரசாணை இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவான கொடியை ஒரு பள்ளியோ ஒரு கட்சியோ தன் துக்கத்துக்கு இறக்க ஆரம்பித்தால், அது எதற்காகத் தாழ்ந்திருக்கிறது என்று பார்க்கிறவனுக்கே தெரியாமல் போய்விடும்.

கான்வென்ட் டீச்சர்:

சார், எங்கள் பள்ளியில் 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் மறைந்தபோது இதே பேச்சு வந்தது. மத்திய அரசே 22, 23 தேதிகளிலும், அடக்கம் நடந்த 26-ஆம் தேதியும் துக்கம் அறிவித்தது. அந்த உத்தரவைப் படித்தால் ஒன்று தெரியும்: கொடி வழக்கமாகப் பறக்கும் கட்டடங்களில்தான் அரைக்கம்பம். தினமும் கொடி ஏற்றாத பள்ளி, அரைக்கம்பத்துக்காகவே கொடியை வெளியே எடுத்து ஏற்ற வேண்டியதில்லை. நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. 2024 டிசம்பரில் மன்மோகன் சிங் மறைந்தபோது அரையாண்டு விடுமுறை. பூட்டின பள்ளியைத் திறந்து கொடி ஏற்றணுமா என்று எங்கள் ஆசிரியர்கள் அன்றைக்குத் தவித்துப்போனார்கள்.

கயிறு கப்பி:

விதி பேச ஹவில்தார் ஐயா இருக்கிறார், நான் கம்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாளைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது அரசு உத்தரவு வரும், தெரிந்துகொள்ளுங்கள் சார்.

காலையில் கொடியை நேரே பாதியில் கட்டக் கூடாது. முதலில் உச்சி வரை விறுவிறுவென்று ஏற்றுங்கள், ஒரு கணம் நிறுத்துங்கள், பிறகு மெதுவாக அரைக்கம்பத்துக்கு இறக்குங்கள். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இழுகம்பி இருந்தால் உச்சிக்கும் அதற்கும் நடுவில். உங்களுக்கு இல்லை, அதனால் கம்பத்தின் பாதி. இருபது அடிக்குப் பத்து அடி. ஆனால் அந்த உயரத்தில் பக்கத்து வேப்பங்கிளை கொடியில் உரசுமா என்று முந்தின நாளே பாருங்கள். உச்சியில் இல்லாத தொல்லை எல்லாம் பாதியில்தான் வரும். கயிற்றில் சரியான இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவையுங்கள். கூட்டத்தின் நடுவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அளக்க வேண்டாம்.

பூ வைத்து மடித்துச் சுருக்குமுடிச்சு போடுவது ஆகஸ்ட் 15, ஜனவரி 26 மாதிரி நாட்களுக்கு. துக்க நாளில் விரித்த கொடியாகவே ஏற்றுங்கள். காவிப் பக்க நுனியில் ஒரு சின்ன மரக்குச்சி கோர்த்திருக்கும், அது மேலே வரவேண்டும். அதைப் பார்த்துக் கட்டினால் தலைகீழாகப் பறக்கிற பேச்சே இல்லை.

கயிறு சிக்குவது அநேகமாகக் கப்பியின் பள்ளம் துருவேறி, கயிறு விலகி இடுக்கில் மாட்டுவதால். ஏணி போட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும். பித்தளைக் கப்பியாக மாற்றுவதே நல்லது. கயிறு மட்டும் மாற்றுவதென்றால் பழைய கயிற்று நுனியையும் புதுக் கயிற்று நுனியையும் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு கப்பியில் நுழையாது. நுனிக்கு நுனி வைத்துத் தடித்த நூலால் தைத்து, மேலே டேப் சுற்றி இழுங்கள், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பி.டி. வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா எழுதியதைப் பழைய மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார்கள், சட்டப் பிரிவைக் கேட்டதும் அமைதியானார்கள். ஆனால் "அப்போ நாங்க என்னதான் செய்யறது?" என்கிறார்கள். விளையாட்டு விழாவுக்கு ஏற்றும் பள்ளிக் கொடி ஒன்று மைதானத்தில் தனிக் கம்பத்தில் இருக்கிறது. அதை இறக்கிப் பறக்கவிடலாமா?

முன்னாள் ஹவில்தார்:

தாராளமாக. அது உங்கள் பள்ளியின் கொடி, உங்கள் துக்கத்துக்கு அது தாழலாம். தேசியக்கொடி விதி அதைக் கட்டுப்படுத்தாது. நாளைக்குத் தேசியக்கொடி ஏற்றாதீர்கள், அப்போது எது உயரம், எது தாழ்வு என்ற சிக்கலும் இல்லை. தேசியக்கொடி பறக்கும் நாளில் மட்டும் வேறு எந்தக் கொடியும் அதற்கு மேலேயோ, பக்கத்தில் சம உயரத்திலோ இருக்கக் கூடாது.

பிள்ளைகள் கறுப்புப் பட்டை குத்திக்கொள்ளட்டும். உடல் கிளம்பும்போது சாரணர்கள் இரு பக்கமும் நிற்கட்டும். அவர் படிக்கவைத்த பெண்களில் ஒருவரை முதலில் பேச வையுங்கள்.

மேலத்தெரு மாணவன்:

இன்னொரு சந்தேகம் ஐயா. துக்க நாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வந்தால்?

முன்னாள் ஹவில்தார்:

கொடி முழு உயரத்தில்தான் பறக்கும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, ஏப்ரல் 6 முதல் 13 வரையான தேசிய வாரம், மாநிலம் உருவான நாள், இவற்றில் அரைக்கம்பம் கிடையாது. உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் தாழ்ந்திருக்கும், உடல் கிளம்பியதும் அங்கேயும் உச்சிக்கு ஏறிவிடும்.

கான்வென்ட் டீச்சர்:

வாத்தியார் சார், கப்பி மாற்றும்போது பள்ளி பீரோவில் இருக்கும் கொடியையும் எடுத்துப் பாருங்கள். வெளுத்ததோ ஓரம் கிழிந்ததோ இருந்தால் ஏற்றக் கூடாது. துடைக்கிற துணியாக்குவதோ குப்பையில் போடுவதோ கூடவே கூடாது. தனியிடத்தில், முழுதாக, மரியாதையோடு எரித்துவிட வேண்டும். புதுக்கொடி வாங்கும்போது நீளம் அகலம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள். கடையில் கிடைப்பதில் பல அந்தக் கணக்கில் இருப்பதில்லை.