புதுப்பிப்பு: அண்ணனின் டெங்கி, அந்த ரத்தச் சோதனை

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அண்ணனுக்குக் கடுமையான டெங்கி, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 24,000-க்கு இறங்கியும் ஏன் இன்னும் வெளியிலிருந்து ஏற்றவில்லை என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். அண்ணன் நேற்று வீடு வந்துவிட்டார். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ரத்தப்போக்கு இல்லாதவரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லையாம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். அதனால் ஹெமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் ஏறும்) திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கூடவே ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள், உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன்.

வயிற்றைக் கலக்கியது ஏ.பி.டி.டி.தான். முதல் முடிவு படு நீளமாக வந்தது, அண்ணி அழுதே விட்டார். கடைசியில் பார்த்தால், நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரை நிரம்பவில்லை! அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும். மறுபடி எடுத்ததில் கொஞ்சம்தான் கூடுதல்; டெங்கியில் அது சகஜமாம். (ஆஸ்பத்திரி பேரைக் கேட்காதீர்கள். தாதியும் பாவம், நரம்பே கிடைக்கவில்லை.)

டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் சோதனை) பற்றிக் கேட்டவருக்கு: கோவிட்டில் அதை அவ்வளவு பார்த்தது ரத்தக்கட்டி பயத்தால். அண்ணன் விஷயத்தில் பயம் ரத்தப்போக்கு.

அம்மா வார்டுக்குள் கடத்திய பப்பாளி இலைச் சாற்றை அண்ணன் ஒரு வாயோடு நிறுத்திவிட்டார். இப்போது பிளேட்லெட் 1,12,000. வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். குழாயை நானே எட்டிப் பார்ப்பேன்.